ஆளுக்கே தடை: அலெக்ஸ் லா கூமாவின் ஐந்து நாவல்கள்

புத்தகத்தைத் தடை செய்வது எல்லா அரசாங்கங்களும் செய்கிற காரியம்தான். தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு அதற்கு ஒருபடி மேலே போனது. எழுதுகிற ஆளையே தடை செய்தது. 1950ல் வந்த கம்யூனிச ஒடுக்குமுறைச் சட்டமும் அதை 1962ல் இன்னும் இறுக்கிய சட்டமும் சேர்ந்து செய்த வேலை இது. பட்டியலில் ஒருவரின் பெயர் ஏறிவிட்டால், அவர் சொன்னது எழுதியது எதையும் நாட்டுக்குள் யாரும் அச்சில் ஏற்றக் கூடாது, மேற்கோளும் காட்டக் கூடாது. அவர் அரசியல் எழுதினாரா, மழையைப் பற்றி எழுதினாரா, சமையல் குறிப்பு எழுதினாரா என்கிற கேள்வியே கிடையாது. எழுதிய கை எது என்பதுதான் கேள்வி.

அப்படித் தடை செய்யப்பட்ட கைகளில் ஒன்று அலெக்ஸ் லா கூமாவுடையது. 1962ல் அவருடைய முதல் புத்தகம் 'எ வாக் இன் த நைட்' (இரவில் ஒரு நடை என்று வைத்துக்கொள்வோம்) நைஜீரியாவில் இபாதான் நகரத்தில் ம்பாரி பதிப்பகம் வழியாக வெளிவந்தது. அதே வருஷம்தான் அவருடைய எழுத்து நாட்டுக்குள் சட்டவிரோதமானது. அந்த வருஷம் டிசம்பரில் ஐந்தாண்டு வீட்டுக்காவல். மாலை ஆறு மணிக்குமேல் வெளியே வரக்கூடாது என்கிற வீட்டுக்காவல் அல்ல இது. இருபத்துநாலு மணி நேரமும் வாசற்படி தாண்டக் கூடாது.

அவர் எழுதிய நாவல்கள் ஐந்து. அவை வந்த ஊர்கள் இபாதான், கிழக்கு பெர்லின், லண்டன். எந்தத் தெருவைப் பற்றி, எந்தத் தகரக் கொட்டகையைப் பற்றி, எந்தச் சிறையைப் பற்றி எழுதினாரோ அங்கே இருந்த சனங்கள் அவற்றை வாங்கிப் படிக்க முடியாது. கையில் வைத்திருந்தாலே குற்றம். உலகத்தில் படித்தவர்கள் எல்லாம் படித்துவிட்டுப் பாராட்டினார்கள். யாருக்காக எழுதினாரோ அவர்கள் மட்டும் படிக்கவில்லை. ஓர் எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்கிறதா தெரியவில்லை. அரசு எதற்காக இவ்வளவு மெனக்கெட்டது? வெள்ளைக்காரனைத் திட்டி எழுதினான், அதனால் தடை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த ஐந்து நாவல்களையும் வரிசையாகப் படித்தால் விஷயம் அவ்வளவு லேசானதாகத் தெரியவில்லை.

அவர் பிறந்தது 1925ல், கேப் டவுனில், டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்கிற பகுதியில். மலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே நெருக்கியடித்துக் கட்டிய வீடுகள். விடுதலையான அடிமைகளின் சந்ததியினர், மலாய் முஸ்லிம்கள், யூதர்கள், இந்தியர்கள், கப்பல் கூலிகள், தையல்காரர்கள், ரவுடிகள், வாத்தியார்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். கறுப்பு ஆப்பிரிக்கர்களை மட்டும் 1901லேயே பிளேக் நோயைக் காரணம் காட்டி அங்கிருந்து துரத்தியாயிற்று. அப்பா ஜேம்ஸ் லா கூமா, எல்லாரும் ஜிம்மி என்பார்கள், தொழிற்சங்கத் தலைவர், கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1927ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டுக்குப் போய், அங்கிருந்து மாஸ்கோவும் போய்விட்டு வந்தவர். அம்மா சிகரெட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மகன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு தகர டப்பா தொழிற்சாலையில் சேர்ந்தான். 1946ல் அங்கே வேலைநிறுத்தத்தில் முன்னே நின்றான், வேலை போயிற்று. 1948ல் கட்சி உறுப்பினர். அந்த வருஷம்தான் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து, அதுவரை வழக்கமாகவும் அரைகுறைச் சட்டமாகவும் கிடந்த இனஒதுக்கலை ஒழுங்காக வகுத்து, எண் போட்டு, முத்திரை குத்தி முழுச் சட்டமாக்க ஆரம்பித்தது.

சட்டம் லா கூமாவுக்குக் கொடுத்த பெயர் 'கலர்டு'. 1950ல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் நாட்டில் உள்ள ஒவ்வொருவரையும் ஓர் இனப்பெட்டிக்குள் போட்டது. வெள்ளையரும் இல்லை, 'நேட்டிவ்' என்று அவர்கள் சொன்ன ஆப்பிரிக்கரும் இல்லை என்றால் 'கலர்டு'. தலைமயிருக்குள் பென்சிலைச் செருகி, அது கீழே விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து ஓர் ஆளின் இனத்தை முடிவு செய்த கூத்தும் நடந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஓர் இனம், தங்கச்சி இன்னோர் இனம் என்று ஆனதுண்டு.

இந்தப் பெட்டியின் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். கலர்டு ஆணுக்கு, ஆப்பிரிக்கனைப் போல எந்நேரமும் பாஸ் புத்தகம் சட்டைப்பையில் இருக்க வேண்டியதில்லை. கேப் மாகாணத்தில் கலர்டு ஆண்களில் ஒரு பகுதியினருக்கு 1956 வரை பொதுப் பட்டியலில் ஓட்டு இருந்தது, பிறகுதான் பிடுங்கினார்கள். மேற்குக் கேப் பகுதியில் வேலைக்கு முதலில் கலர்டு, அப்புறம்தான் ஆப்பிரிக்கன் என்று 1950களில் ஒரு கொள்கையே கொண்டுவந்தார்கள். ஆக, கலர்டுக்கு மேலே மிதிக்கிற கால் ஒன்று, கீழே மிதிப்பதற்கு ஒரு தலை. மேலே பார்த்துப் பொருமுவான், கீழே பார்த்து ஆறுதல்பட்டுக்கொள்வான். இப்படித் தட்டுத்தட்டாக அடுக்கிவிட்டால் அடுக்கியவன் நிம்மதியாகத் தூங்கலாம். இந்த இதழின் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

லா கூமாவின் அரசியல் முழுக்க இந்தத் தட்டை உடைப்பதுதான். தென்னாப்பிரிக்கக் கலர்டு மக்கள் அமைப்பின் கேப் தலைவர்களில் ஒருவரானார். நாம் தனி, நமக்கென்று ஏதாவது சலுகை கேட்போம் என்று சொன்ன பெரிய மனிதர்களை எதிர்த்து, ஆப்பிரிக்க தேசிய காங்கிரசோடும் இந்தியக் காங்கிரசோடும் கலர்டுகள் சேர்ந்து நிற்க வேண்டும் என்றார். 1955 ஜூனில் கிளிப்டவுனில் மக்கள் காங்கிரஸ் கூடி விடுதலைச் சாசனத்தை ஏற்றபோது, கேப்பிலிருந்து கலர்டு பிரதிநிதிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் போபோர்ட் வெஸ்டில் போலீஸ் மறித்துவிட்டது. கூட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்த வருஷம் டிசம்பரில் நாடு முழுக்க 156 பேரைத் தேசத்துரோகக் குற்றம் சாட்டிப் பிடித்தார்கள். அதில் லா கூமாவும் ஒருவர். ஜோஹானஸ்பர்க்கில் ராணுவப் பயிற்சி மண்டபத்தை நீதிமன்றமாக்கி, குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கம்பிவலைக் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். வக்கீல்கள் சண்டை போட்ட பிறகு கூண்டை எடுத்தார்கள். வழக்கு இழுத்து இழுத்து 1961 மார்ச்சில் எஞ்சியிருந்தவர்களும் விடுதலையாகி முடிந்தது. அந்த 156 பேரில் தமிழ் வம்சாவளியினரும் உண்டு. டர்பன் டாக்டர் மான்ட்டி நாயக்கர் ஒருவர். இன்னொருவர் எம்.பி. நாயக்கர், மாரிமுத்து என்று பெயர், கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடையே சங்க வேலை செய்தவர், லா கூமா வேலை பார்த்த அதே பத்திரிகையின் டர்பன் அலுவலகத்தைக் கவனித்தவர்.

அந்தப் பத்திரிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் உருவான இடம் அதுதான். 1937ல் 'கார்டியன்' என்று தொடங்கிய வாரப் பத்திரிகை. 1952ல் தடை. வேறு பெயரில் வந்து 'அட்வான்ஸ்' ஆயிற்று. 1954ல் அதற்கும் தடை. 'நியூ ஏஜ்' என்று வந்தது. 1962 நவம்பரில் அதற்கும் தடை. 'ஸ்பார்க்' என்று வந்தது. கடைசியில் பத்திரிகையைத் தடை செய்வதைவிட அதில் எழுதுகிறவர்களைத் தடை செய்வது சுலபம் என்று அரசுக்குப் புத்தி வந்தது. 1963 மார்ச்சில் எழுத ஆளில்லாமல் 'ஸ்பார்க்' நின்றது. பெயர் மாற்றி மாற்றி ஒரு பத்திரிகையை ஓட்டுவது என்றால் என்ன என்று சிறுபத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் காகிதக் கடனோடு சிறையும் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1955ல் லா கூமா அங்கே நிருபராகச் சேர்ந்தார். ஹானோவர் தெருவில் சுற்றும் பயல்களைப் பற்றி, ரோலண்ட் தெரு சிறைக்குள் கைதிகள் கைதிகளையே ஆளும் முறை பற்றி, கோர்ட்டு வாசலில் நிற்கும் பெண்களைப் பற்றி எழுதினார். 1957லிருந்து சொந்தப் பத்தி ஒன்று. 1959ல் ஒரு படக்கதையும் வரைந்தார், 'லிபரேஷன் சபலாலா' என்று பெயருள்ள ஒரு சிறுவன்தான் நாயகன். பின்னாளில் அவரைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் இந்தப் படக்கதையை ஓரமாக ஒரு வரியில் தாண்டிப் போனதுண்டு. எனக்கென்னவோ அது முக்கியமாகப் படுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்த ஆள் இவர். அப்படிப்பட்டவரைத்தான் பிறகு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மட்டும் படிக்கும்படி ஆக்கினார்கள்.

1958ல் ஒரு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக யாரோ சுட்டார்கள். ஒரு குண்டு கழுத்தை உரசிக்கொண்டு போனது. 1960 மார்ச்சில் ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள் மேல் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். அவசரநிலை வந்தது, லா கூமா மறுபடியும் உள்ளே போனார். 1961 மே மாத வேலைநிறுத்தத்தின்போது மறுபடியும். 1963ல் விசாரணையில்லாமல் அடைத்து வைக்கும் சட்டத்தின்கீழ் தனிக்கொட்டடி. நாவல்கள் எழுதியது இந்த இடைவெளிகளில்தான்.

இனி நாவல்களுக்கு வருவோம்.

'இரவில் ஒரு நடை' சின்ன நாவல். ஒரே ராத்திரியில் நடந்து முடிந்துவிடுகிறது. மைக்கேல் அடோனிஸ் என்கிற கலர்டு இளைஞன் தொழிற்சாலையில் ஒண்ணுக்குப் போய்விட்டு வருகிறான். வெள்ளை மேஸ்திரி ஏசுகிறான். இவன் எதிர்த்துப் பேசுகிறான். வேலை போய்விட்டது. கதையின் விதை இவ்வளவுதான். ஒரு மனுஷன் மூத்திரம் பெய்வதற்கும் இன்னொருவனுடைய முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிற நாடு. தெருவில் இரண்டு போலீஸ்காரர்கள் மறித்து, கஞ்சா வைத்திருக்கிறாயா, இந்தக் காசை எங்கே திருடினாய் என்று சோதிக்கிறார்கள். பதில் பேசாமல் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறான். கோபம் வயிற்றுக்குள் கொதித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறது. அவன் குடியிருக்கும் இடிந்த மாடிக்கட்டடத்தில் டௌட்டி என்று ஒரு கிழவன், அயர்லாந்துக்காரன், ஒரு காலத்தில் நாடக நடிகன், இப்போது குடித்துச் சீரழிந்து நோயாளியாகக் கிடப்பவன். தோல் மட்டும்தான் வெள்ளை, மற்றபடி அதே மூட்டைப்பூச்சி, அதே இருட்டுப் படிக்கட்டு. வா, குடி என்று கூப்பிடுகிறான். போதையும் ஆத்திரமுமாக அடோனிஸ் பாட்டிலால் ஒரு போடு போடுகிறான். கிழவன் செத்துப்போகிறான்.

மேஸ்திரி மேல் விழ வேண்டிய அடி, பக்கத்து அறைக் கிழவன் மேல் விழுந்தது. அதோடு நிற்கவில்லை. கடன் கேட்க வந்த வில்லிபாய் என்கிற வேறொரு கலர்டு பையன் பிணத்தைப் பார்த்துப் பயந்து ஓடுகிறான். ஓடியவனை, போலீசிடம் நல்ல பெயர் வாங்க நினைக்கும் அதே கட்டடத்துக் கலர்டு ஆள் ஒருவன் அடையாளம் சொல்கிறான். ரால்ட் என்கிற வெள்ளைப் போலீஸ்காரன், பெண்டாட்டி மேல் உள்ள சந்தேகத்தில் வெந்துகொண்டிருப்பவன், வில்லிபாயைத் துரத்திச் சுடுகிறான். ரத்தம் ஒழுகிக்கொண்டிருப்பவனை வேனுக்குள் தள்ளிவிட்டு, வழியில் கடையில் நிறுத்திச் சிகரெட் வாங்குகிறான். பையன் வேனுக்குள்ளேயே சாகிறான். கொலை செய்த அடோனிஸ் அந்த ராத்திரியே திருட்டுக் கும்பல் ஒன்றோடு சேர்ந்துகொள்கிறான்.

இதில் நல்லவர்கள் என்று யாரையும் தூக்கி வைக்கவில்லை. ஜோ என்று ஒரு பையன் வருகிறான். வீடு வாசல் இல்லாதவன், கடற்கரையில் ஒதுங்குவதைப் பொறுக்கித் தின்கிறவன். அந்தக் கும்பலோடு போகாதே என்று அடோனிசைக் கெஞ்சுவது அவன் ஒருவன்தான். அடோனிஸ் அவனைத் திட்டித் துரத்துகிறான். ஒடுக்கப்பட்டவன் என்பதாலேயே ஒருவன் தானாக நல்லவனாகிவிட மாட்டான், ஒடுக்குமுறை அவனையும் நாறடித்துத்தான் வைத்திருக்கும் என்பதை லா கூமா மறைக்கவில்லை. நம் ஆட்களை இப்படிக் காட்டலாமா என்று கேட்கிறவர்கள் எல்லா இயக்கத்திலும் உண்டு. அவர் இயக்கத்தில் இருந்துகொண்டே காட்டினார். கறுப்பர்களின் கதைகள் பலவும் பத்திரிகைச் செய்திக்குக் கதை வேஷம் போட்டவைதான் என்று கறாராக எழுதிய லூயிஸ் ங்கோசிகூட, லா கூமாவை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாவது நாவல் 1964ல் கிழக்கு பெர்லினில் செவன் சீஸ் பதிப்பகத்தில் வந்தது. தலைப்பு பைபிளின் பிரசங்கி ஆகமத்திலிருந்து எடுத்தது. மூன்று புரியாகத் திரித்த கயிறு எளிதில் அறாது என்கிற கருத்து. தமிழ் பைபிளில் இதற்கு இருக்கிற சொல் முப்புரிநூல். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேறு யாருடைய தோளோ ஞாபகத்துக்கு வருவதால் முப்புரிக் கயிறு என்றே சொல்கிறேன். கேப் டவுனுக்கு வெளியே மணல்வெளியில், தகரமும் அட்டையும் வைத்துக் கட்டிய கொட்டகைகளில் பால்ஸ் குடும்பம். நாவல் முழுக்க மழை. கூரை ஒழுகுகிறது. அப்பா சாகிறார். தென்னாப்பிரிக்கா என்றால் வெயில் காயும் கடற்கரை என்று அரசு உலகமெல்லாம் விளம்பரம் செய்துகொண்டிருந்த நேரத்தில், மழையில் நனைந்து அழுகும் ஒரு குடியிருப்பை அவர் எழுதினார். தண்ணீர்க்குழாய் இருப்பவன் குடம் கணக்கில் தண்ணீர் விற்கிறான். வானத்திலிருந்து அத்தனை தண்ணீர் கொட்டுகிறது, குடிக்கிற தண்ணீருக்குக் காசு. ஒரு பெண் வேலைக்குப் போயிருக்கும்போது ஸ்டவ் வெடித்து அவள் குழந்தைகள் கொட்டகையோடு எரிந்து போகின்றன. சாலைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் வெள்ளைக்காரன் தனியாகக் கிடக்கிறான். இந்தப் பக்கம் வந்து மனுஷரோடு உட்கார ஆசை. சாலையைத் தாண்ட அவனால் முடியவில்லை. விடியற்காலையில் போலீஸ் வந்து கதவை உடைக்கிறபோது, மூத்த மகன் சார்லி ஒரு போலீஸ்காரனை அடித்துவிட்டு ஓடுகிறான். முதல் நாவலில் அடி பக்கத்து அறையில் விழுந்தது என்றால், இதில் ஒரு தடவையாவது சரியான முகத்தில் விழுகிறது. ஒருத்தன் தனியா நின்னா ஒண்ணும் ஆகாது என்கிற நினைப்பும் சார்லிக்கு அங்கேதான் வருகிறது.

மூன்றாவது, 'கல் நாடு', 1967. சிறை நாவல். 1964ல் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் இருந்த கைதிகளுக்கு, நாளொன்றுக்குச் சராசரி 70,351 பேர் என்று எண்ணிக்கை சொல்லி, சமர்ப்பணம் செய்திருக்கிறார். துண்டுப் பிரசுரம் கொடுத்ததற்காக உள்ளே வரும் ஜார்ஜ் ஆடம்ஸ் பார்ப்பது என்ன? சிறைக்குள்ளும் வெள்ளையருக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி. மற்றவர் பகுதியில் வலுத்த கைதி இளைத்தவனின் சோற்றையும் உடம்பையும் பிடுங்குகிறான். அதிகாரிகள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள், அவர்களுக்கு அது வசதி. வெளியே நாடு எப்படியோ உள்ளே சிறை அப்படி. இந்த நாவலில் தூக்குக்குக் காத்திருக்கும் ஒரு சிறுவன் வருகிறான். அவனை மறப்பது கஷ்டம்.

1966 செப்டம்பரில், திரும்பி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கும் வெளியேற்ற அனுமதியில், மனைவி பிளாஞ்ச், இரண்டு மகன்களோடு லண்டனுக்குப் போனார். வீட்டுக்காவல் காலம் முழுக்க மருத்துவச்சி வேலை பார்த்து அந்த வீட்டுக்குச் சோறு போட்டவர் பிளாஞ்ச். அவரும் கட்சிக்காரர், அவர் மேலும் தடை உத்தரவு உண்டு. இந்த வரலாறு எழுதப்படும்போதெல்லாம் நாவலாசிரியரின் மனைவி என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பின்னாளில் அவருடைய சொந்த நினைவுக் குறிப்புகள் புத்தகமாக வந்துவிட்டன. இனி அப்படி முடிக்க முடியாது.

1972ல் லண்டனில் ஹைன்மான் வெளியிட்ட 'பருவ முடிவின் மூடுபனியில்' நாவலில்தான் நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. ப்யூக்ஸ், கலர்டு. எலியாஸ், கிராமத்திலிருந்து வந்த ஆப்பிரிக்கன், பாஸ் சட்டத்தில் வதைபட்டவன். சட்டம் இருவரையும் வேறு வேறு பெட்டியில் போட்டிருக்கிறது. இருவரும் தலைமறைவு இயக்கத்தில் ஒன்றாக வேலை செய்கிறார்கள். சாகசம் பெரிதாக இல்லை. துண்டுப் பிரசுரக் கட்டை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவது, ராத்திரி படுக்க இடம் தேடுவது, நேற்றுவரை நண்பனாக இருந்தவன் பயத்தில் கதவைச் சாத்திக்கொள்வது. போராட்டத்தின் சலிப்பான வேலைகளை இவ்வளவு பொறுமையாக எழுதிய நாவல் நான் அதிகம் படித்ததில்லை. ஒரு சந்திப்பில் போலீஸ் வந்து விழுகிறது. ப்யூக்ஸ் தப்பிக்கிறான். எலியாஸ் மாட்டிக்கொள்கிறான். சித்திரவதையில் சாகிறான், ஆனால் ஒரு பெயரையும் சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு முன் எழுதிய நாவலில் ஒரு கலர்டு இன்னொரு கலர்டு பையனைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தான். இதில் ஓர் ஆப்பிரிக்கன் கலர்டு தோழனின் பெயரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போகிறான். அரசு அடுக்கி வைத்த தட்டு இங்கே உடைகிறது. கேப் டவுன் ஹானோவர் தெருவில் ஒரு கலர்டு பையன் இதைப் படித்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அத்தனை சட்டமும். 1967ல் ரொடீசியாவில் ஆயுதப் போராட்டத்தில் இறந்த பாசில் ஃபெப்ருவரி முதலியோருக்கு அந்த நாவலைச் சமர்ப்பித்திருக்கிறார். பாசிலும் கேப்பைச் சேர்ந்த கலர்டு இளைஞன்தான்.

கடைசி நாவல் 1979ல் வந்தது. முள்ளில் இரையைக் குத்தி வைக்கும் கீச்சான் குருவியின் பெயரில் தலைப்பு. தாதுப்பொருள் கிடைக்கும் நிலத்திலிருந்து ஓர் ஆப்பிரிக்கக் கிராமத்தையே பெயர்த்தெடுத்து வறண்ட காட்டுக்கு அனுப்புகிறார்கள். மனுக் கொடுப்போம் என்கிற தலைவனை ஒதுக்கிவிட்டு அவன் தங்கை ம்மா-டாவ் சனங்களைத் திரட்டுகிறாள். அவருடைய நாவல்களில் ஒரு பெண் முன்னால் வந்து நிற்பதற்கு ஐந்தாவது நாவல்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இது குறைதான், சொல்லாமல் விட முடியாது. நாவலும் கொஞ்சம் இறுகிப்போய்க் கிடக்கிறது. ஊரைவிட்டு வந்து பதிமூணு வருஷம் ஆகியிருந்தது. முதல் நாவலில் ஹானோவர் தெருவின் எண்ணெய்ப் புகையும் சாக்கடையும் மூக்கில் ஏறும். இதில் அந்த வாசம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1978ல் சோவியத் யூனியனில் பயணம் செய்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். தன் நாட்டில் போலீஸ் பூட்ஸ் சத்தத்தைத் தூரத்திலேயே கேட்டுவிடுகிற காதுக்கு அங்கே எதுவும் கேட்கவில்லை. சோவியத்துக்குள் தேசிய இனங்கள் பட்டது எதுவும் அதில் இல்லை. தஞ்சம் கொடுத்தவன், புத்தகம் போட்டவன், ஆயுதம் கொடுத்தவன் அவன்தான் என்பது உண்மை. அமெரிக்காவும் பிரிட்டனும் அப்போது யாரோடு வியாபாரம் செய்துகொண்டிருந்தன என்பதும் உண்மை. அதற்காக அந்தப் புத்தகம் நல்ல புத்தகம் ஆகிவிடாது.

1969ல் ஆப்பிரிக்க-ஆசிய எழுத்தாளர் சங்கத்தின் லோட்டஸ் விருது கிடைத்தது. 1979ல் அந்தச் சங்கத்துக்கே பொதுச் செயலாளர். 1978லிருந்து ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் பிரதிநிதியாகக் கியூபாவில் இருந்தார். 1985 அக்டோபர் 11ல் ஹவானாவில் மாரடைப்பில் இறந்தார், அங்கேயே அடக்கம். அறுபது வயது. 1966ல் எழுதிக் கொடுத்தபடி, ஊர் திரும்பவேயில்லை.

இதற்கிடையில் அந்த ஊரே இல்லாமல் போயிருந்தது. அவர் வெளியேறிய அதே 1966ல், பிப்ரவரி 11ஆம் தேதி, டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் இனி வெள்ளையர் பகுதி என்று அரசு அறிவித்தது. அடுத்த பதினைந்து வருஷங்களில் சுமார் 60,000 பேரை அப்புறப்படுத்தி, இருபது கிலோமீட்டர் தள்ளி மணல்வெளியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வீடுகளை புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கினார்கள். கோயில்களையும் மசூதிகளையும் மட்டும் தொடவில்லை. காலியான நிலத்தில் பெரும்பகுதியில் வெள்ளையரும் வந்து குடியேறவில்லை, புல் முளைத்துக் கிடந்தது. 1990ல் தடைகள் விலகிய பிறகு 'இரவில் ஒரு நடை' கேப் டவுன் கடைகளுக்கு வந்தது. அப்போது ஹானோவர் தெரு புத்தகத்துக்குள் மட்டும்தான் இருந்தது.

1994 டிசம்பரில் அங்கே தப்பி நின்ற ஒரு பழைய மெத்தடிஸ்ட் கோயிலுக்குள் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் திறந்தார்கள். தரை முழுக்க அந்தப் பகுதியின் பெரிய வரைபடம் ஒன்று விரித்திருக்கிறது. துரத்தப்பட்டவர்கள் வந்து, குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அதில் தங்கள் கையாலேயே பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.